47 கிலோ ஓம் என்று எழுதியிருந்தால் போதுமாம்!

சாட்ஸ்வர்த் ஊசி:
வெருலம் மல்லிகை நேற்று ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டார். அப்பா டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் வாங்கிச் சேர்த்த எல்பி தட்டுகள் இருக்கின்றன, டர்ன்டேபிளில் ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் துண்டு), அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெருக்க எந்த போனோ ப்ரீஆம்ப் வாங்கலாம் என்று. அதற்கு லெனேசியா வால்வு ஐயாவின் பதில்: "பின்னால் 47 கிலோ ஓம் என்று உள்ளீட்டு மின்தடை எழுதியிருந்தால் எதையும் வாங்கு. பிக்கோஃபாரட் என்று மின்தேக்கத்தை அளக்கும் கணக்கெல்லாம் கடைக்காரன் கட்டிவிட்ட கதை." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

வயரும் ப்ரீஆம்ப்பும் சேர்ந்து 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரை இருக்கட்டும் என்று சொல்வது கார்ட்ரிட்ஜைச் செய்த ஆடியோ-டெக்னிகாவே. கடைக்காரன் எங்கே வந்தான்? உள்ளே இருக்கும் சுருள் 550 மில்லிஹென்றி. 200 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அதன் ஒத்ததிர்வு, அதாவது சத்தம் தூக்கலாகும் இடம், 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 400 ஆனால் 11க்கும் கீழே இறங்கும், பாட்டில் "ச", "ஸ" வரும் இடமெல்லாம் கூசும். வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 100, டோன்ஆர்முக்குள் ஓடும் வயர் கொஞ்சம், ப்ரீஆம்ப்புக்குள் இன்னொரு 100 அல்லது 220. கூட்டிப் பாருங்கள் ஐயா.

லெனேசியா வால்வு:
தம்பி, நீ பிறப்பதற்கு முன்பே நான் தட்டு கேட்டவன். ப்ரீஆம்ப்புக்கு வேலை இரண்டுதான். 4 மில்லிவோல்ட்டை 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு ஏற்ற வேண்டும். தட்டு வெட்டும்போது குறைத்த பேஸைத் திரும்ப ஏற்றி, ஏற்றிய ட்ரெபிளை இறக்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்துக்கான பொது அளவு, ஆர்ஐஏஏ வளைவு, 1954லிருந்து இருக்கிறது. பழைய கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த நல்ல ப்ரீஆம்ப் பெட்டி ஒன்று இதை டி.எம்.எஸ். பக்கத்தில் நின்று பாடுவதுபோலச் செய்யும். பிக்கோஃபாரட் என் காதுக்குக் கேட்டதே இல்லை.

சாட்ஸ்வர்த் ஊசி:
எனக்கு 52 வயது, சின்னப் பிள்ளை இல்லை. வால்வைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றுதான்: 100 முதல் 200 என்று போட்டிருக்கிறதா, இல்லையா?

மாரிட்ஸ்பர்க் பழசு:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கச்சி, முதலில் டர்ன்டேபிளின் பின்னால் போனோ, லைன் என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். லைன் என்றால் டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்யும்; அதில் வைத்து வெளி ப்ரீஆம்ப்பையும் மாட்டினால் இரண்டு தடவை ஏற்றம் நடந்து பேஸ் குழம்பிப்போகும். அப்புறம் எர்த் வயர். அதை மாட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் போகாது. மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் வேறு மாதிரி இரைச்சல். இதையெல்லாம் விட்டுவிட்டு பிக்கோஃபாரட்டா?

இன்னொன்று. ஊசி அண்ணே, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுக்கென்று அகல ஊசி ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போனீர்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது.

சாட்ஸ்வர்த் ஊசி:
ஊசியைக் கொடுக்கிறேன் என்று போனிலேயே சொல்லியாயிற்று, அதைச் சபையில் இழுக்க வேண்டியதில்லை. உறுமல் வேறு, கூச்சல் வேறு. எர்த் வயரை மாட்டினால் 400 என்பது 200 ஆகிவிடுமா?

டர்பன் தமிழாசிரியர்:
"முன்பெருக்கி", "மின்தேக்குதிறன்" என்று நல்ல சொற்கள் இருக்கும்போது ஏன் இந்தக் கலப்பு? நம் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்க்கொண்டிருப்பதே இப்படித்தான்.

லெனேசியா வால்வு:
ஆசிரியர் சொல்வது நியாயம். டர்பன்காரர்கள் பேசும் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

சாட்ஸ்வர்த் ஊசி:
எங்கள் தமிழை எடை போட உங்களை யாரும் அழைக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் இருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த மொழி இது. நீங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், காய்ந்த காற்றில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே கடற்காற்றில் ஆறு மாதத்தில் பிளக் பச்சை பிடிக்கிறது. அதனால்தான் நாங்கள் வயரைக் கழற்றி, மீட்டரை 2 நானோஃபாரட்டில் (2,000 பிக்கோஃபாரட்) வைத்து, நடுக்கம்பிக்கும் மேல்வலைக்கும் இடையில் தொட்டுப் பார்க்கிறோம். என் பழைய வயர் 2 மீட்டர், 290 காட்டியது. வயர் மட்டுமே 290!

வெருலம் மல்லிகை:
வணக்கம். நான் ப்ரீஆம்ப் வாங்கிவிட்டேன், உள்ளே 100 பிக்கோஃபாரட் என்று போட்டிருக்கிறது. முதலில் சுசீலா அம்மா பாட்டில் ஒவ்வொரு "ச"வும் கண்ணாடியைக் கீறுவதுபோல இருந்தது. ஊசி அண்ணா சொன்னபடி நீள வயரை எடுத்துவிட்டு அரை மீட்டர் வயர் போட்டேன். கூச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. பழைய பிளக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, சாக்கெட்டுகளையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

சாட்ஸ்வர்த் ஊசி:
போதுமா ஐயா? காதுக்குக் கேட்டதா?

லெனேசியா வால்வு:
என்ன கேட்டது? அந்தப் பெண்ணே சொல்கிறாள், சாக்கெட்டைத் துடைத்தாளாம். அழுக்கு போனது, சத்தம் தெளிந்தது. பிக்கோஃபாரட்டுக்கு ஏன் மாலை?

மாரிட்ஸ்பர்க் பழசு:
அதுவும் இருக்கலாம். ஊசி முனையில் தூசி இருந்தாலும் "ச" கூசும். கார்ட்ரிட்ஜ் கோணத்தைப் பார்த்தீர்களா தங்கச்சி?

சாட்ஸ்வர்த் ஊசி:
துடைத்தால் வயரின் பிக்கோஃபாரட் குறையாது. பழைய வயரின் பிளக்கையும் நன்றாகத் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கூச்சல் திரும்ப வந்தால் என்ன சொல்வீர்கள்?

லெனேசியா வால்வு:
வந்தால் அந்த ப்ரீஆம்ப் மட்டம் என்று சொல்வேன். வால்வு வாங்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

சாட்ஸ்வர்த் ஊசி:
வால்வு பெட்டியின் நுழைவாயிலிலும் பிக்கோஃபாரட் இருக்கிறது! முதல் வால்வு 12ஏஎக்ஸ்7 என்றால், அதன் உள்ளே கிரிட், பிளேட் என்ற இரண்டு தகடுகளுக்கு இடையில் இருக்கும் 1.7 பிக்கோஃபாரட்டை, வால்வு ஒலியைப் பெருக்குவதாலேயே வரும் மில்லர் விளைவு பெருக்கி 100 பக்கம் கொண்டுபோய்விடும். சொந்தப் பெட்டிக்குள் இருப்பதே தெரியாமல்தான் இத்தனை வருஷம் கேட்டீர்களா?

லெனேசியா வால்வு:
பாட்டைக் கேட்டேன் தம்பி. நீ மீட்டரைக் கேள்.

வெருலம் மல்லிகை:
பழைய வயரைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வாங்கி மாட்டிப் பார்க்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் பழசு:
ஞாயிற்றுக்கிழமை நான் சாட்ஸ்வர்த் பக்கம் வருகிறேன். ஊசி அண்ணே, 78 ஊசியை எடுத்து வையுங்கள்.

சாட்ஸ்வர்த் ஊசி:
வாருங்கள், தருகிறேன். ஆனால் வால்வு ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. 100 முதல் 200 என்று போட்டிருக்கிறதா, இல்லையா?