பூமியில் மழை கழுவுகிற உப்பை விண்வெளித் தோட்டத்தில் யார் கழுவுவது?

தாழ்வாரத்தோட்டம் (ஈசூன்):

வணக்கம். எங்கள் வீடு சிங்கப்பூர் ஈசூனில் பதினோராம் மாடி. வாசலுக்கு எதிரே தாழ்வாரச் சுவரை ஒட்டி ஆறு நீளப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். தண்டுக்கீரை, கங்கோங், வெந்தயக்கீரை, ஒரு பெட்டியில் தட்டைப்பயறு. பயறு போட்டதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று இஸ்ரோ ஏவிய பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டின் கடைசி அடுக்கில் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் போயின. நான்கே நாளில் முளைவிட்டன. அந்தப் படத்தைப் பார்த்த அன்றே நானும் எட்டு விதை ஊன்றினேன்.

கூடவே ஒரு வைராக்கியமும் பிறந்தது. விண்வெளியில் குடியிருக்கப் போகிறவர்கள் எதையும் தூக்கி எறிய முடியாது. நானும் சமையலறைக் கழிவு ஒன்றையும் குப்பையில் போடாமல் பெட்டிகளுக்கே திருப்பித் தருவது என்று முடிவு செய்தேன். காய்த்தோல், காப்பிச் சக்கை, மிஞ்சிய சோறு, குழம்பு, நெத்திலிச் சம்பல், தட்டு கழுவிய முதல் தண்ணீர் வரை எல்லாம். சோறும் குழம்பும் பொகாஷி வாளியில் (கழிவை மூடிவைத்துப் புளிக்கவிடும் வாளி) இரண்டு வாரம் புளித்த பிறகு மண்ணுக்குள் போகும். பெட்டியின் அடியில் வடியும் தண்ணீரை, கொசு வந்துவிடக் கூடாது என்று அன்றன்றே எடுத்து மறுபடி மேலே ஊற்றிவிடுவேன்.

ஐந்து மாதம் கீரை தளதளவென்று வந்தது. ஆறாம் மாதத்தில் இலைகளின் ஓரம் மட்டும் கருக ஆரம்பித்தது. நடு இலை பச்சையாக இருக்கும், விளிம்பு மட்டும் தீயில் வாட்டியதுபோல் சுருண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் செடி தலை தொங்கி நிற்கும். மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்தேன். குழாய்த் தண்ணீரில் 90 காட்டியது, பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீரில் 3,100.

இதே வாளி எருவைக் கீழே சமூகத் தோட்டத்திலும் போடுகிறேன். அங்கே கத்தரியும் வெண்டையும் ஒரு குறையும் இல்லாமல் காய்க்கின்றன. எருவும் ஒன்று, கையும் ஒன்று. அங்கே மழை பெய்கிறது. என் தாழ்வாரத்தில் சாரல்கூடப் படாது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி மனதைக் குடைகிறது. நான் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். நிலவிலோ செவ்வாயிலோ மூடிய கூட்டுக்குள் வாழ்கிறவர்கள் அந்த உப்பை எங்கே கழுவுவார்கள்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

குழாயடி:

அக்கா, நான் இங்கே தண்ணீர் சுத்திகரிப்புத் துறையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் நாக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. செடிக்குத் தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும், சாம்பல்சத்து வேண்டும். சோடியம் அநேகமாகத் தேவையே இல்லை. மனிதனுக்கோ சோடியம் இல்லாமல் ஆகாது. நீங்கள் சாப்பிட்ட குழம்பின் மீதியை மண்ணுக்குத் தரும்போது செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு உப்பை அப்படியே விட்டுவிடுகிறது. இலை வழியே நீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. வேருக்குள் நுழைந்த கொஞ்சமும் நீரோடு ஏறி இலை விளிம்பில் தங்கிவிடும். கருகல் அங்கே தொடங்குவது அதனால்தான்.

கழிவுநீரைச் சுத்திகரித்து நாம் எடுக்கும் நியூவாட்டரும் இதே கதைதான். 2003 முதல் கழிவுநீரை நுண்ணிய சவ்வுகள் வழியே அழுத்தி, புற ஊதாக் கதிர் காட்டிச் சுத்தமாக்குகிறோம். சவ்வுக்கு இந்தப் பக்கம் தங்கிவிடும் உப்புநீர் கடலுக்குப் போகிறது. குப்பையை எரித்த சாம்பலைக் கொட்ட 1999 முதல் செமாக்காவ் தீவு இருக்கிறது. சின்ன நாடு என்றாலும் நமக்குக் கடலும் உண்டு, செமாக்காவும் உண்டு.

அனைத்துலக விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குகிறார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புக் குழம்பிலிருந்தும் தண்ணீரை எடுக்க 2021இல் ஒரு கருவி போனது. அது சூடான காற்றை ஓட்டி, ஈரத்தை மட்டும் சவ்வு வழியே உறிஞ்சுகிறது. 2023இல் நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது. செய்தித்தாள்கள் எல்லாம் அந்த 98ஐக் கொண்டாடின. என் கண் மீதி 2இல் நிற்கிறது. பையில் காய்ந்து கிடக்கும் அந்தக் கசடு சரக்குக் கலத்தில் ஏறி, குப்பையோடு வளிமண்டலத்தில் எரிகிறது. நிலவுக் குடியிருப்பிலிருந்து அப்படி எரிக்க அனுப்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, நான்கு பேர், ஒரு வருடம்: 7.3 கிலோ.

புதியவன்_26:

அப்படியானால் உப்பே போடாமல் சமைத்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

வேதாரண்யத்தான்:

தம்பி, குறைக்கலாம், நிறுத்த முடியாது. வியர்வையிலும் சிறுநீரிலும் உடம்பு சோடியத்தை இழந்துகொண்டே இருக்கிறது. நரம்பும் தசையும் அதை நம்பித்தான் வேலை செய்கின்றன.

அம்மா, நான் உப்பளத்துக்காரன் மகன். இங்கே வந்து இருபத்தேழு வருடமாகச் செடி வளர்ப்பதுதான் தொழில். எங்கள் ஊரில் பாத்தி ஓரத்தில், புல்லே முளைக்காத இடத்தில், உமரி முளைக்கும். இலை என்று தனியாக இருக்காது. கணுக்கணுவாகச் சதைப்பிடித்த தண்டு, வெயில் ஏறினால் சிவக்கும். ஒடித்தால் சாறு தெறிக்கும், வாயில் போட்டால் கரிக்கும். மற்ற செடி விட்டுவிடுகிற உப்பை இது உறிஞ்சித் தன் தண்டிலேயே சேர்த்து வைக்கிறது.

ருஷ்யர்கள் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் பயோஸ்-3 என்ற மூடிய கூடம் கட்டினார்கள். 315 கன மீட்டர்தான் இடம். 1972இல் தொடங்கிய சோதனையில் மூன்று பேர் உள்ளே இருந்து, செனான் விளக்கொளியில் கோதுமையும் காய்கறியும் வளர்த்துச் சாப்பிட்டார்கள். காற்றையும் தண்ணீரையும் பெருமளவு சுழற்றிவிட்டார்கள். திடக்கழிவை மட்டும் உலர்த்தி எடுத்துவைத்தார்கள். பின்னாளில் அதே நகரத்து ஆய்வாளர்கள் மனிதக் கழிவை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு சிதைத்து, அந்தக் கரைசலில் வளர்க்கத் தேர்ந்தெடுத்த செடி எது தெரியுமா? எங்கள் உமரியின் ஐரோப்பிய உறவு, சாலிகோர்னியா. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆடு மாடுகூடத் தயங்கி மேய்கிற செடி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இதில் உப்பை வெளியே தள்ளுகிற வேலையே இல்லை. உமரியை நறுக்கிச் சமையலில் போட்டால் அதுவே உப்பு. உண்டவர் உடம்பிலிருந்து வெளியேறி மறுபடி உமரிக்கே போகும். ஒரே உப்பு சுற்றிக்கொண்டிருக்கும். செடி எவ்வளவு உறிஞ்சும், அதற்கு எத்தனை சதுர மீட்டர் வேண்டும், அந்த விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் பெரிய கேள்விகள். ஆனால் வழி அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

உமரி தேடி அலைய வேண்டாம். சீ பர்ஸ்லேன் என்று நர்சரியில் கேளுங்கள். சிங்கப்பூர்க் கடற்கரையில் தானாக வளர்கிற செடி, உப்பைத் தாங்கும், உண்ணலாம். பூங்காக் கரையில் மட்டும் பறிக்காதீர்கள், அது குற்றம்.

தாழ்வாரத்தோட்டம் (ஈசூன்):

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஐந்து பெட்டிகளை மூன்று மூன்று வாளித் தண்ணீரால் கழுவினேன். வடிநீர் 400க்கு இறங்கிவிட்டது, தண்டுக்கீரை புதுத் துளிர் விட்டிருக்கிறது. ஆறாவது பெட்டியைக் கழுவவில்லை. வெள்ளைப் பொருக்கோடு அப்படியே வைத்திருக்கிறேன். நேற்று அதில் சீ பர்ஸ்லேன் தண்டு ஏழு நட்டேன். குழம்பு மீதியும் தட்டு கழுவிய தண்ணீரும் இனி அதற்கு மட்டும்தான். வாராவாரம் மீட்டர் அளவை இங்கே எழுதுகிறேன். இன்றைய அளவு 3,060.