புதுப்பிப்பு: குரங்கு நிதிக் கச்சேரி, காரைக்குடிப் பக்கம்

அருகிவரும் வாலில்லாக் குரங்குகளுக்கு நிதி திரட்டச் செட்டிநாட்டு வீடொன்றில் கர்நாடக இசைக் கச்சேரி வைப்பது பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

பணம் யாருக்கு? ஒராங்குட்டானுக்கு என்றால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். இங்குள்ள அறக்கட்டளைகளுக்கு அது வரிச் சிக்கல். இந்தியாவிலேயே ஹூலக் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு இருக்கும்போது அதற்கே கொடுக்கலாம். அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்து ஹொல்லங்காபார் சரணாலயத்தை ரயில் பாதை பிளக்கிறது. கிப்பன் மரத்தை விட்டு இறங்குவது அபூர்வம். கிளைகள் எட்டாத இடத்தில் குடும்பங்கள் துண்டுபட்டுவிடும். ஆகவே 'விழிப்புணர்வு' என்று பொத்தாம்பொதுவாகக் கொடுக்காமல், மரம் நடவு, கிப்பன் பாதையைக் கடக்க மேல்பாலம் என்று எதற்குச் செலவாகும் என்பதைப் பணம் பெறும் அமைப்பிடம் எழுதி வாங்குங்கள்.

டிக்கெட் காசு நன்கொடை ஆகாது, அதற்கு வரிச்சலுகை கிடைக்காது. நன்கொடைக்குத் தனி ரசீது போடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தாலும் சலுகை இல்லை.

இனி ஒலி, பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். வளவில் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய கூடமும்) ஆத்தங்குடித் தரைக்கல், கண்ணாடியாய் இழைத்த சுண்ணாம்புச் சுவர், எல்லாமே ஓசையைத் திருப்பி அடிக்கும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஓசை தரும் பக்கம்) முழங்கிக் குழம்பும், சாகித்யம் (பாட்டின் வரிகள்) புரியாது. அதனால் பட்டாலை (உள்ளே உயர்த்திய கூடம்) முழுக்க ஜமக்காளம், பாடகருக்குப் பின்னால் கனத்த திரை. பெரிய ஸ்பீக்கர் இரண்டு வேண்டாம். தூணோரம் சிறியவை நான்கு, குறைந்த ஒலியில். தொப்பிப் பக்க மைக்கில் அடி ஓசையை (பேஸ்) குறையுங்கள். வீடு காலியாக இருக்கும்போது சரிபார்த்தால் போதாது, ஆள் நிறைந்ததும் எதிரொலி மாறும். முதல் உருப்படியிலேயே திருத்த ஒருவர் மிக்சரில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்குள் மங்களம்.