திட்டவிலக்கம் கையால் போட்டால் 3.41, கால்க்கில் 3.81: எது சரி?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தமிழ் மீடியத்தில் 14 வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். இப்போது நானே மாணவி. கோர்ஸில் புள்ளியியலும் டிஜிட்டல் மீடியாவும் உண்டு. என் வகுப்பில் ஐந்து பிள்ளைகளின் மார்க்: 12, 14, 15, 17, 22. திட்டவிலக்கம், அதாவது மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, கையால் போட்டால் 3.41. லிப்ரெ ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் அதற்கான எஸ்டிடெவ் (STDEV) சூத்திரம் போட்டால் 3.81. ராத்திரி பதினொரு மணிவரை கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், கணக்கில் தப்பில்லை. இன்னொன்று: பாடத்தை ஆடியோவாகப் பதிவு செய்தால் பாலக்காட்டுக் காற்றுதான் பாடம் நடத்துகிறது!

சித்தூர்க்காரன்:
டீச்சர், இரண்டும் சரி. சராசரி 16. விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 58. நீங்கள் 5-ஆல் வகுத்தீர்கள், கால்க் 4-ஆல் வகுத்தது. எஸ்டிடெவ் அந்த ஐவரையும் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரியாகத்தான் (சாம்பிள்) எடுத்துக்கொள்ளும். மாதிரியின் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளப்பதால் பரவல் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் ஒன்று குறைப்பது. ஐந்து பேர்தான் மொத்த வகுப்பே என்றால் எஸ்டிடெவ்பி (STDEVP) போடுங்கள், உங்கள் 3.41 வந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அட, ஒரு 'பி'க்கா இவ்வளவு பாடு! வகுப்பில் 31 பேர், ஐவர் மாதிரிதான். அப்போ 3.81.

வாளையார் அக்கா:
காற்றுக்கு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் நாய்ஸ் ரிடக்‌ஷனை (இரைச்சல் குறைப்பை) நம்பாதே கண்ணு. ஃபேன் மாதிரி ஒரே சீரான இரைச்சலுக்குத்தான் அது கேட்கும். ஜன்னலைச் சாத்தி, மைக்கில் பழைய சாக்ஸை மாட்டு. மிச்ச உறுமலுக்குத் தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டர், 100 ஹெர்ட்ஸ். நான் துவைத்த சாக்ஸ்தான் போட்டேன், சரியா?