பாலைவனத்தில் நிலக்கரி தோண்டினால் கிணறுகளுக்கு என்ன நடக்கும்?

விசுவமடு அம்மா:
வணக்கம். மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். பாகிஸ்தானின் தார் பாலைவனத்தில் நிலக்கரி எடுத்து அங்கேயே மின்சாரம் உற்பத்தி செய்வதைப் பற்றி ஒப்படை எழுதுகிறாள். எனக்கு இரண்டு விசயம் விளங்கவில்லை. எங்கள் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துக்குக் கரி கப்பலில் வருகிறது, குளிர்விக்கக் கடல்நீர் பக்கத்திலேயே இருக்கிறது, சரி. மழையே ஒழுங்காகப் பெய்யாத இடத்தில் ஏன் கட்டினார்கள், கரியை ரயிலில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் என்ன? அடுத்தது, அந்தச் சனம் குடிக்கிற கிணறுகளுக்கு என்ன நடக்கும்? ஓகஸ்ட் வந்தால் கிணற்றின் அடி தெரிந்து, தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று வாசலில் நிற்கிற ஆள் நான், அதனால்தான் கேட்கிறேன்.

மாங்குளத்தான்:
அக்கா, அது லிக்னைட், பழுப்பு நிலக்கரி. நிறையில் கிட்டத்தட்ட அரைவாசி ஈரம்தான். ரயிலில் ஏற்றினால் பாதிக் கூலி தண்ணீரைச் சுமக்கவே போய்விடும், குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீயும் பிடிக்கும். அதனால் குழிக்குப் பக்கத்திலேயே எரித்து, மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புகிறார்கள். நெய்வேலியிலும் இதே கதைதான். அந்த நெய்வேலி நிறுவனமே இந்தியப் பக்கத் தார் பாலைவனத்தில், பிகானேருக்குக் கிட்ட பர்சிங்சரில், சுரங்கமும் 250 மெகாவோட் நிலையமும் நடத்துகிறது. பாகிஸ்தான் பக்கம் 175 பில்லியன் தொன் இருப்பதாக 1990களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டார்கள், ஆனால் இஸ்லாம்கோட்டுக்குப் பக்கத்தில் முதல் 660 மெகாவோட் நிலையம் ஓடத் தொடங்கியது 2019இல்தான். நூறு மீற்றருக்கு மேல் மணலையும் களியையும் அகற்றினால்தான் கரி தெரியும், அதற்குப் பெரிய முதல் வேண்டும்.

கனகராயன் ஆறு:
கிணற்றுக் கேள்விக்கு நான் சொல்கிறேன், அதுதான் முக்கியம். தாரில் நிலத்தடி நீர் மூன்று அடுக்காக இருக்கிறது: மணல்மேட்டின் அடியில் ஒன்று, கரிக்கு மேலே ஒன்று, கரிக்குக் கீழே ஒன்று. குழி வெள்ளத்தில் மூழ்காமலும், கீழ்நீரின் அழுத்தத்தில் அடித்தளம் வெடித்து மேலே எழும்பாமலும் இருக்க, இரவு பகலாகப் பம்ப் பண்ணியே ஆகவேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் குழாய்க்கிணறு அடித்து இறைத்தால் எங்கள் கிணறு இறங்குகிறதே, அதையே பல மடங்காக யோசித்துப் பாருங்கள். இறைத்த நீர் உவர், பெரும்பாலான பயிருக்கு ஆகாது. அதைக் குழாயில் கொண்டுபோய்க் கொரானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் தேக்கினார்கள். தங்கள் கிணறுகளும் மேய்ச்சல் நிலமும் போய்விடும் என்று அந்த ஊர்ச்சனம் 2016இல் போராட்டத்தில் இறங்கியது. ஒப்படையில் இதற்கு ஒரு தனிப் பந்தி கட்டாயம் வேண்டும் அக்கா.

வவுனிக்குளம் பிள்ளை:
காணிப் பிரச்சினையையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே சனம் ஆடு மாடு வளர்த்துத்தான் சீவிக்கிறது, மேய்ச்சல் தரை ஊருக்கே பொது, ஆனால் ஒருவர் பேரிலும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாவிட்டால் நட்டஈடு கேட்கப் போகிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா? இங்கேயும் அப்பா காலத்தில் மாடு மேய்ந்த இடத்துக்குள் இன்று கால் வைக்க முடியவில்லை.

விசுவமடு அம்மா:
எல்லோருக்கும் நன்றி பிள்ளைகள். மகள் வாசித்துவிட்டுக் கொரானோ பந்தியை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டாள். அந்த உவர்நீரைச் சுத்திகரித்து ஊருக்கே குடிக்கக் கொடுக்க முடியாதா என்று கேட்கிறாள், யாருக்காவது விபரம் தெரிந்தால் எழுதுங்கள்.