காசிகுண்ட் வரை டிரெய்லர் இல்லாமல் வெறும் வண்டி: பனி ரோடு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் டிரெய்லர் ஒன்று லோடோடு காஷ்மீரில் காசிகுண்டில் நிற்கிறது. இழுத்துப் போன வண்டி கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. டிரெய்லரை எடுத்து வர, வேறு முன்வண்டியை (டிரெய்லரை இழுக்கும் வண்டியை) மட்டும் ஓட்டிக்கொண்டு வியாழக்கிழமை கிளம்புகிறேன்.

லோடு வண்டியில் மலை பழக்கம்தான். ஐஸ் படிந்த ரோட்டில் வெறும் வண்டி ஓட்டியதில்லை. ஏற்றத்தைவிட பிரேக்தான் கவலை. 40 டன்னை நிறுத்தச் செய்த பிரேக் அது. பின் டயர்மேல் பாரமே இல்லாதபோது கால் லேசாகப் பட்டாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையிலேயே வால் ஒரு பக்கம் இழுக்கும், ஐஸில் கேட்கவே வேண்டாம்.

வழியில் வரும் புது பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர். உள்ளே ரோடு காய்ந்திருக்கும், வெளியே வந்ததும் ஐஸ் இருக்கலாம். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் இடத்தில் எந்த கியரில் வருவீர்கள்? எக்ஸாஸ்ட் பிரேக்கை (எஞ்சின் புகையை அடைத்து வேகம் குறைப்பது) அணைத்துவிடலாமா? அதுவும் பின் சக்கரத்தைத்தானே பிடிக்கிறது.

பனியில் வழுக்காமல் டயரில் சுற்றும் செயின் பின் டயருக்கு மட்டும் போதுமா, முன்னாலும் வேண்டுமா? டிரெய்லர் பூட்டும் தட்டில் மணல் மூட்டை கட்டச் சொல்கிறார் இங்கே ஒரு சர்தார்ஜி. எனக்கு மனசு ஒப்பவில்லை, மூட்டை சரிந்தால் என்ன ஆகும்?

பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிப்பேன், அது தெரியும். மற்றதைச் சொல்லுங்கள். டைப் பண்ண நேரமில்லை என்றால் வாய்ஸ் போட்டாலும் சரி.