[கலைச்சொல்] சாமுராய் காலத்துப் பேய்க்கதை அனிமே: வகைப்பெயர் தேவை

மொழிபெயர்ப்பாளர், சென்னை (திங்கள்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு படத் தளத்துக்கு அனிமே (ஜப்பானிய அசைபட) தொடர்களுக்கான தமிழ் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடவே வகைப்பட்டியலும் தர வேண்டும். காதல், நகைச்சுவை, துப்பறிதல் எல்லாம் முடிந்துவிட்டன. ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். சாமுராய்கள் வாழ்ந்த காலம், உண்மையாகவே நடந்த போர்கள், பஞ்சங்கள், அதற்குள் பேயும் சாபமும் கலந்து வரும் கதைகள். ஜப்பானியர் இதை 'ஜிதாய் தென்கி' என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒசாமு தெசுகா 1967இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதை 'தொரோரோ'. 1969இலும் 2019இலும் அனிமே ஆனது. ஒரு சிற்றரசன் பேய்த்தெய்வங்களோடு ஒப்பந்தம் போடுகிறான். கேட்ட வரத்துக்கு ஈடாக, பிறக்கப்போகும் தன் பிள்ளையின் உறுப்புகளைக் கொடுத்துவிடுகிறான். பழைய வடிவத்தில் 48 உறுப்புகள், 2019 தொடரில் 12. கண்ணும் காதும் கைகாலும் இல்லாமல் பிறந்த குழந்தையை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அவன் பிழைத்து வளர்ந்து, பொய்க்கைக்குள் வாளை மறைத்து வைத்துக்கொண்டு, பேய் ஒவ்வொன்றையும் கொன்று உறுப்பு ஒவ்வொன்றையும் மீட்கிறான்.

இப்போதைக்கு 'வரலாற்று அமானுஷ்யம்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வெள்ளி மதியம் பட்டியல் போயாக வேண்டும், இரண்டு சொல்லுக்கு மேல் இடமும் இல்லை. உதவுங்கள்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அம்மா, நல்ல கேள்வி.

'அமானுஷ்யம்' வேண்டவே வேண்டாம். நம்மிடம் சொல் இல்லையென்றால் கடன் வாங்கலாம். அச்சத்துக்கு இடமாகும் நான்கைச் சொல்லும்போது தொல்காப்பியர் முதலில் வைப்பதே அணங்கைத்தான்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. வருத்தும் தெய்வம், கண்ணுக்குத் தெரியாமல் தாக்கும் ஆற்றல், இரண்டும் அணங்கு. ஆகவே 'அணங்குக் கதை' என்பது என் முன்மொழிவு.

இன்னொன்று. 'சாமுராய்' என்று நெடிலில் எழுதுகிறோம். மூலத்தில் அது குறில்தான் என்று ஒசாகா நண்பர் முன்பு இங்கே எழுதியிருக்கிறார். 'சமுராய்' என்று திருத்தலாமா என்றால், தொல்காப்பியப்படி சகரம் அகரத்தோடு சொல்லுக்கு முதலில் வராது ('அஐ ஔஎனும் மூன்றலங் கடையே'). நன்னூல் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. நான் தொல்காப்பியர் பக்கம். நெடிலே இருக்கட்டும்.

—

மென்பொறியாளர், கோவை

ஐயா, மன்னிக்கணும். இன்றைக்கு 'அணங்கு' என்றால் அழகான பெண் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று வள்ளுவரே அந்த மயக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டார். 'அணங்குக் கதை' என்று பட்டியலில் போட்டால் காதல் தொடர் என்று நினைத்துத் திறப்பவர் முதல் காட்சியிலேயே கை கால் இல்லாத குழந்தையைப் பார்ப்பார்.

எனக்கு வேறொரு கவலை. 'சாமுராய் காலம்' என்று எதைச் சொல்கிறோம்? ஜப்பானில் 'எதோ' (Edo) எனப்படும் காலம் 1603 முதல் 1868 வரை. ஜப்பானில் சரித்திரத் தொடர் என்றாலே பெரும்பாலும் இதுதான். நாம் பேசும் கதைகளில் நிறைய அதற்கு முந்திய போர்க்காலத்தில் நடப்பவை. 1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதையே அரசு தடை செய்துவிட்டது. ஆனால் இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் பார்க்கும் பேய்வேட்டைத் தொடர் தைஷோ காலத்தில், அதாவது 1912க்கும் 1926க்கும் இடையில் நடக்கிறது. காவலரைக் கண்டால் வாளை ஒளித்துக்கொள்ள வேண்டிய காலம் அது. அந்தத் தொடரையும் இந்தப் பட்டியலில்தான் தேடுவார்கள். வகைப்பெயரில் 'சாமுராய்' இருந்தால் அது வெளியே போய்விடும். 'பழங்கால மாயக்கதை' என்று பொதுவாக வைத்துவிடலாம். பாட்டியிலிருந்து பள்ளிப்பிள்ளை வரை எல்லோருக்கும் புரியும்.

—

ஒசாகாவிலிருந்து

'தென்கி' என்பதை இரண்டு எழுத்தில் எழுதுவார்கள். முதலாவது வழிவழியாகக் கடத்துவது, இரண்டாவது விசித்திரம். சீனத்தில் தாங் அரச காலக் கதைகளுக்கு இருந்த பெயர் அப்படியே இங்கே வந்தது. எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் 'வழிவந்த விந்தை'.

ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள். இந்தக் கதைகளில் பேய் ஒப்பனைக்காக வருவதில்லை. 'எதோ' காலத்தில் 'நூறு கதைக் கூட்டம்' என்று ஒன்று நடக்கும். நீலத்தாள் ஒட்டிய விளக்கில் நூறு திரி ஏற்றிவைத்து ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள். ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை எடுத்துவிடுவார்கள். கதை ஏற ஏற அறை இருட்டும். நூறாவது திரி அணைந்தால் நிஜமாகவே ஏதாவது வந்துவிடும் என்று 99இல் நிறுத்திவிடுவதும் உண்டு. சாமுராய்கள் துணிவைச் சோதிக்கத் தொடங்கிய விளையாட்டு இது என்பார்கள். வாள் பிடித்தவனும் பேயும் ஒரே அறையில் இருப்பது அங்கே பழைய பழக்கம். பெயரில் அது தெரிய வேண்டும்.

—

யாழ்ப்பாணத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். 'சாமுராய்' என்ற சொல்லே 'அருகிருந்து பணிசெய்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. எங்களிடம் அதற்கு நேர்ச்சொல் இருக்கிறது: வேளைக்காரர். உயிரைக் கொடுத்தேனும் தலைவனைக் காப்போம் என்று சபதம் செய்த படை. பொலன்னறுவைக் கல்வெட்டிலே புத்தரின் தந்ததாது (புனிதப் பல்) இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக இருக்கிறது. சாமுராயை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் சொல்லை ஏன் மறக்க வேணும்?

அடுத்தது, அவர்களுடைய கொம்புள்ள பேய்க்குப் பெயர் 'ஓனி'. 'மறைந்திருப்பது' என்பது பொருள் என்று பழைய விளக்கம். தமிழில் 'ஒளி' என்றால் மறை. ஒளிந்திருப்பது ஒளி, அதுவே ஓனி! ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதினவர். எங்கள் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். பொங்கலையும் ஜப்பானில் ஜனவரி 15இல் நடக்கும் சடங்கையும் ஒப்பிட்டவர் அவர். இந்தச் சொல்லையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேணும்.

—

ஒசாகாவிலிருந்து

அண்ணா, ஓனோவின் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒப்பீட்டு மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. 'ஓனி'யில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'மறைவு' என்ற விளக்கத்தைத் தரும் 10ஆம் நூற்றாண்டு அகராதி, அந்தச் சொல்லை 'ஒன்' என்ற சீன ஒலியிலிருந்துதான் கொண்டுவருகிறது. அந்த விளக்கம் சரியென்றால் வேர் சீனத்தில் இருக்கிறது, தமிழோடு முடிச்சுப் போட வழியில்லை. அது தவறென்றால் 'மறைவு' என்ற பொருளே போய்விடும். இரண்டு வகையிலும் 'ஒளி' நிற்காது.

—

யாழ்ப்பாணத்திலிருந்து

தம்பி, சீன ஒலி என்பது பின்னால் வந்த எழுத்தை வைத்துச் சொன்ன காரணமாக இருக்கலாம். எழுத்துக்கு முந்திய பேச்சுவழக்கில் என்ன இருந்தது என்று அகராதிக்குத் தெரியாது. இதைத் தனி மடலாக விரிவாக எழுதுகிறேன்.

—

மட்டுறுத்துநர்

ஓனி பற்றிய விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வகைப்பெயர் மட்டும். 'வேளைக்காரர்' அருமையான சொல், ஆனால் வசனவரியில் கண் ஓடும் வேகத்தில் 'வேலைக்காரர்' என்றே படிப்பார்கள். அதை ஆய்வுக் கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம்.

—

ஆய்வு மாணவி, மதுரை

எல்லோரும் வெளியே தேடுகிறீர்களே, இந்த வகை நம்மிடமே இருக்கிறது: பரணி.

கலிங்கத்துப்பரணியை நினைத்துப் பாருங்கள். குலோத்துங்கன் காலத்தில் நடந்த போர். கருணாகரத் தொண்டைமான் உண்மையான படைத்தலைவன். ஆனால் அந்தப் போரை நமக்குச் சொல்வது யார்? காளியிடம் கூளி, அதாவது பேய், சொல்கிறது. பசியில் வாடிய பேய்கள் போர்க்களத்துக்கு வந்து பிணத்தில் கூழ் சமைத்துப் பரிமாறி உண்கின்றன. வரலாறும் பேயும் பிரிக்கவே முடியாமல் கலந்த இலக்கியம். 'சாமுராய்ப் பரணி' என்று வைத்தால் இரண்டே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

மகளே, படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் 'ஆனை ஆயிரம் அமரிடை வென்ற மான வனுக்கு வகுப்பது பரணி'. அது வென்றவனைப் பாடுவது. தொரோரோ கதையின் நாயகன் யாரையும் வென்று நாடு பிடிக்கவில்லை. தந்தை விற்ற உடலைத் திருப்பிக் கேட்கிறான், அவ்வளவுதான். ஆயிரம் யானை கொன்றவனின் பெயரை அவன் தலையில் ஏற்ற என் மனம் இடம் தரவில்லை.

நீ பரணியைச் சொன்னதும் எனக்கு வேறொன்று தோன்றியது. தொல்காப்பியர் சொல்லும் எண்வகை மெய்ப்பாட்டில், அதாவது உணர்ச்சி வெளிப்பாட்டில், அச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் மருட்கை இருக்கிறது. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே'. வழக்கத்துக்கு மாறானதைக் கண்டு அறிவு திகைக்கும் நிலை. ஒசாகா நண்பர் சொன்ன 'விசித்திரம்' இதுதான். வட்டாரங்களில் சாமி வந்து ஆடுபவரை 'மருளாளி' என்றும் சொல்கிறோம். வியப்பும் உண்டு, ஆவேசமும் உண்டு. 'மறவர் மருட்கதை' என்று வைப்போம். சாமுராய் என்ற பெயரும் வேண்டாம், கோவைத் தம்பியின் தைஷோ சிக்கலும் தீர்ந்தது.

—

மென்பொறியாளர், கோவை

பரணி பற்றி ஒரு சின்னச் செய்தி: நாஞ்சில் நாட்டில் பரணி என்றால் ஊறுகாய்ச் சாடி. அது ஒருபுறம் இருக்கட்டும்.

ஐயா, 'மருட்கதை' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் தொடர் தேடும் கல்லூரி மாணவன் 'மருட்கதை'யைப் பார்த்தால் மருத்துவக் கதையா என்று யோசிப்பான். கலைச்சொல் புழங்கினால்தான் சொல். ஃபேன்டசிக்கு வைத்த 'மிகுபுனைவு', 'கனவுருப்புனைவு' இரண்டும் பல காலமாக எழுத்தில் இருக்கின்றன. பேச்சில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. 'மாயம்' மட்டும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மாயாஜாலம், மாய மோதிரம், மாயக்கண்ணாடி என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்த சொல். 'சாமுராய் மாயக்கதை' என்று போடுங்கள். தைஷோ தொடரிலும் வாள் இருக்கிறது, பார்ப்பவர் யாரும் ஆண்டை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

—

ஆய்வு மாணவி, மதுரை

பரணியை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் நாளை மறுநாள் வெள்ளி. இரண்டில் ஒன்றென்றால் 'மாயக்கதை'.

—

யாழ்ப்பாணத்திலிருந்து

எனக்கும் 'மாயக்கதை' சரி. இங்கேயும் விளங்கும். சாமுராயை 'மறவர்' ஆக்கினால் அது ஜப்பான் கதை என்பதே தெரியாமல் போய்விடும்.

—

ஒசாகாவிலிருந்து

'மருட்கதை'க்கு என் ஆதரவு. எளிமைக்காக 'மாயம்' வென்றால் தடுக்க மாட்டேன், ஆனால் 'சாமுராய்' கட்டாயம் இருக்கட்டும்.

—

மொழிபெயர்ப்பாளர், சென்னை (வெள்ளி)

எல்லோருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி 'சாமுராய் மாயக்கதை' என்று அனுப்பிவிட்டேன். தொடரின் அறிமுகக் குறிப்பில் மட்டும், இடம் இருந்ததால், 'அறிவு மருளவைக்கும் கதை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வசனவரியில், பேய் பிசாசுகளுக்கு ஜப்பானியர் தரும் பொதுப்பெயரான 'யோகாய்' வரும் இடங்களில் அந்தந்தக் காட்சியைப் பொறுத்துப் பேய், பூதம், அணங்கு மூன்றையும் பயன்படுத்தப்போகிறேன். நூறாண்டு கடந்து உயிர்பெற்ற பழைய குடையையும் செருப்பையும் பேய் என்று எழுதக் கை வரவில்லை, அவற்றுக்குப் பூதம்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அம்மா, கெடுவுக்குள் முடித்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் என் மறுப்பு இந்த இழையில் இருக்க வேண்டும்.

மாயம் என்றால் பொய், வஞ்சனை. புரியவில்லை என்று ஒரு சொல்லைத் தள்ளலாம், அதில் வருத்தமில்லை. ஆனால் தப்பாகப் புரியும் சொல்லைப் புரிகிறது என்பதற்காக ஏற்கக் கூடாது. நீங்கள் சொன்ன கதையைத் தேடிப் பார்த்தேன். 2019 தொடரில் பையன் உறுப்புகளை மீட்க மீட்க, தந்தையின் நாட்டில் அதுவரை ஒப்பந்தத்தால் விலகியிருந்த கேடுகள் திரும்ப வருகின்றன. குடிமக்கள் அந்தப் பிள்ளையின் உடலைத் தின்றுதான் இத்தனை நாள் பிழைத்திருக்கிறார்கள். அங்கே பேய்தான் கணக்கை நேராக வைத்திருக்கிறது, ஏமாற்றியவன் மனிதன். பேயின் தலையில் 'மாயம்' என்று எழுதிவிட்டால் குற்றம் இடம் மாறிவிடுகிறது.

அடுத்த பதிப்பில் பட்டியலைத் திருத்த வாய்ப்புக் கிடைத்தால் 'சாமுராய் மருட்கதை' என்று மாற்றித் தாருங்கள். 'மறவர்' என்பதை நான் விட்டுக்கொடுக்கிறேன்.