கல்விச் சீருக்கு நம்ம வீட்டு வரிசை என்ன?

குழு: ஐயா வீட்டு உறவுகள்

ஞாயிறு, காலை 6:40

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். வர்ற வெள்ளிக்கிழமை நம்ம ஊர் நடுநிலைப்பள்ளியில ஆண்டு விழா. சாயங்காலம் பிள்ளைங்க கலை நிகழ்ச்சி. காலையில கல்விச் சீர், பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பொருளை ஊரே சீர்வரிசையா கொண்டு போய்க் கொடுக்குறது. பிள்ளையார் கோயில்லேருந்து மேளத்தோட பள்ளிக்கூடம் வரைக்கும் போறோம். தெருவுக்கு ஒரு வரிசை, பெரிய வீடுகளுக்குத் தனி வரிசைன்னு எஸ்.எம்.சி., அதான் பள்ளி மேலாண்மைக் குழு, கூட்டத்துல முடிவாகியிருக்கு. மேலத்தெரு பீரோ. மகளிர் குழு ஃபேன். நம்ம வீட்டுக்கு என்னன்னு இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்.

குமார் அத்தான்: சூப்பர்

வள்ளி சித்தி: இனிய காலை வணக்கம்

சரோஜா அத்தை: [குரல் செய்தி 2:14]

வள்ளி சித்தி: அண்ணி ஒண்ணுமே கேக்கல

சரோஜா அத்தை: ஃபேன் ஓடுது. எழுத வரல. குமாரு நீ கேட்டு எழுது

குமார் அத்தான்: அம்மா சொல்றாங்க, சத்துணவுக்குத் தட்டு டம்ளர் வாங்கலாமாம். காமராசர் காலத்துல அவங்க அங்க படிச்சப்ப வீட்டுலேருந்து தட்டு தூக்கிட்டுப் போனாங்களாம். பாதி குரல் செய்தி அதான். மீதி சித்தப்பா கல்யாணத்துல தட்டு தொலைஞ்ச கதை.

சரோஜா அத்தை: தொலையல. எடுத்தாங்க.

வள்ளி சித்தி: அதை இப்ப எதுக்கு அண்ணி

பெரியப்பா திருச்சி: செலவு எவ்வளவு ஆனாலும் நம்ம குடும்பம் பின்னாடி நிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த குடும்பம். பீரோ நாம கொடுத்திருக்கணும். மேலத்தெருவுக்கு எப்படி விட்ட செல்வி?

செல்வி: முதல்ல கையத் தூக்குனது அவங்க பெரியப்பா. நோட்டுல ஏத்திட்டாங்க.

பெரியப்பா திருச்சி: சரி. நாம எது கொடுத்தாலும் பெயிண்ட்ல ஐயா பேரு எழுதணும்.

பாண்டி: எந்த ஐயா பேரு

காலை 8:05

வள்ளி சித்தி: நம்ம வீட்டு வாசல்ல வேப்பம்பூ கொட்டுது. யாருக்கு வேணும்? காயவச்சு வச்சிருக்கேன். ரசத்துக்கு நல்லா இருக்கும்.

சரோஜா அத்தை: எனக்கு ஒரு படி

மீனா சென்னை: சித்தி எனக்கும்

அகிலா: செல்வி அண்ணி, ஒரு சந்தேகம். ஆறு ஏழு எட்டு வகுப்பை எடுத்துட்டு அஞ்சாவதோட நிறுத்தப் போறாங்கன்னு பால் ஊத்துற அக்கா சொல்லுச்சு. மூடப் போற வகுப்புக்கு எதுக்கு சீர்?

குமார் அத்தான்: ஐயோ அப்படியா

பெரியப்பா திருச்சி: யார் சொன்னது? கலெக்டருக்கு மனு கொடுப்போம்.

வாத்தியார் சித்தப்பா: அகிலா, யாரும் பதற வேண்டாம். அப்படி எந்த உத்தரவும் வரவில்லை. நேற்று தலைமையாசிரியரிடம் போனில் பேசினேன். விஷயம் வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கணக்கு. ஒன்று முதல் ஐந்து வரை 30க்கு ஒருவர். வருஷா வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பெயர் என்று பார்ப்பார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி. உபரி ஆனால் பணிநிரவல், அதாவது வேறு பள்ளிக்கு மாற்றல். நம் ஊரில் ஐந்தாவது முடித்ததும் பாதிப் பிள்ளைகள் தனியார் பள்ளி வேன் ஏறிவிடுகிறார்கள். கணக்கு டீச்சர் உபரியாகப் போய்விடுவாரோ என்ற பயம்தான் அங்கே. அந்தப் பேச்சு பால் கேனில் ஏறி உன் வீட்டு வாசலுக்கு வரும்போது ‘மூடப் போகிறார்கள்’ என்று ஆகியிருக்கிறது. நான் சர்வீஸில் இருந்தபோது

வாத்தியார் சித்தப்பா: கை பட்டுப் போய்விட்டது. தொடர்கிறேன்.

குமார் அத்தான்: மாமா மெதுவா

செல்வி: சித்தப்பா சொல்றது சரி. அந்த டீச்சர் போனா எட்டாவதுக்குக் கணக்கு எடுக்க ஆளில்ல. என் பொண்ணு பிப்ரவரியில என்.எம்.எம்.எஸ். எழுதுனாளே, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தது அவங்கதான்.

மீனா சென்னை: ரிசல்ட் வந்துருச்சா அக்கா?

செல்வி: இன்னும் இல்ல. கும்பிட்டுக்கிட்டே இருக்கேன்.

சரோஜா அத்தை: அது என்ன பரீட்சை

வாத்தியார் சித்தப்பா: தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு. எட்டாவது பிள்ளைகள் எழுதுவது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் பிள்ளை பேரில் வங்கிக்கு வரும். நாலு வருஷத்துக்கு 48,000. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது.

பாண்டி: என்னையத்தானே சொல்றீங்க

வாத்தியார் சித்தப்பா: பொதுவாகச் சொன்னேன் தம்பி.

பாண்டி: வேன்ல அனுப்புறது நான் மட்டுமா? ஊர்ல பாதிப் பேர் அனுப்புறான். அங்க டெஸ்க் இருக்கு. இங்க ஏழாவது வரைக்கும் தரையில உக்காருது. குமார் அத்தான் பிள்ளை சிங்கப்பூர்ல படிக்குது, மீனா பிள்ளை சென்னையில. அவங்க சீர் கொடுப்பாங்க, நான் மட்டும் பிள்ளையைக் கொடுக்கணுமா?

மீனா சென்னை: நியாயமான கேள்விதான் பாண்டி

பெரியப்பா திருச்சி: தம்பி பேச்சு தடம் மாறுது.

குமார் அத்தான்: நான் ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர்றேன். முடிஞ்சது பிரச்சினை.

செல்வி: அத்தான் கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர் எல்லாம் அரசாங்கமே கொடுத்துருச்சு, ஹைடெக் லேப்னு தனி ரூமே இருக்கு. எங்களுக்கு வேணும்கிறது வேற. நேத்து கூட்டத்துல ஆம்பளைங்க முன்னாடி பேச எனக்கே கூச்சமா இருந்துச்சு, ஆனா இங்க சொல்றேன். பொண்ணுங்க கழிப்பறைக்குத் தண்ணி வரல. மோட்டார் போயி மாசக்கணக்காச்சு. ஆறாவதுக்கு மேல உள்ள பிள்ளைங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருக்குதுங்க. என் மவ வீட்டுக்கு வந்ததும் நேரா பின்பக்கம் ஓடுறா.

மீனா சென்னை: அக்கா இன்னுமா இது மாறல? நான் எட்டாவது படிச்சப்ப மாசத்துல மூணு நாள் லீவு. காய்ச்சல்னு லீவு லெட்டர் எழுதுவேன். அந்த மூணு நாள்ல நடத்துன கணக்கு எனக்குக் கடைசி வரைக்கும் புரியல. ஸ்மார்ட் போர்டு வேண்டாம், பீரோ வேண்டாம். தண்ணி கொடுங்க.

சரோஜா அத்தை: எங்க காலத்துல கொல்லைக்காடு இருந்துச்சு. இப்ப அதையும் பிளாட் போட்டுட்டானுக

பெரியப்பா திருச்சி: ம்.

அகிலா: இதுக்குத்தான் நான் வேன்ல அனுப்புனேன் அண்ணி. டெஸ்க்குக்காக இல்ல. அவர் டெஸ்க்குன்னு சொல்லிக்கிட்டிருக்காரு.

காலை 10:30

பெரியப்பா திருச்சி: சீர்னா பார்வையா இருக்கணும். ஊர் பார்க்கும். மோட்டாரை எப்படி வரிசையில கொண்டு போறது?

வள்ளி சித்தி: தாம்பாளத்துல வச்சு மாலை போட்டா ஆச்சு. பக்கத்துல வாழைப்பழம், வெத்தலை பாக்கு. ஏன் கொண்டு போகக் கூடாது?

சரோஜா அத்தை: வள்ளி சொல்றது சரி

குமார் அத்தான்: அம்மா சித்தியை சரின்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு மழை வரும்

பாண்டி: போர்ல தண்ணி இருக்கு. காயில் கருகிக் கெடக்கு, ரிப்பேர் பார்த்தா நிக்காது. அரை ஹெச்.பி. புதுசு போட்டா போதும். மேல தொட்டியும் கீறல் விட்டிருக்கு, 500 லிட்டர் தொட்டி ஒண்ணு வேணும். பைப் லைன் நானே இழுத்துருவேன். கூலி வேண்டாம்.

செல்வி: நீ எப்ப போய்ப் பார்த்த?

பாண்டி: போன மாசம். வாட்ச்மேன் கூப்பிட்டாரு.

பெரியப்பா திருச்சி: கம்பெனி மோட்டாரா வாங்கு. விலை விசாரிச்சுப் போடு. நான் பாதி.

குமார் அத்தான்: மீதி நான்

மீனா சென்னை: தொட்டி என்னோடது

வாத்தியார் சித்தப்பா: நல்லது. ஒரு முறை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியர் கையொப்பம் வாங்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு மோட்டார் யாருடையது என்று கேள்வி வரும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. செல்வி, நீ கூச்சப்பட்டேன் என்கிறாய். அந்த நாற்காலி இந்தப் பேச்சைப் பேசுவதற்காகத்தான் உனக்குக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமைக்குள் தீர்மானத்தை எழுதச் சொல். வாசகம் நான் அனுப்புகிறேன்.

செல்வி: சரி சித்தப்பா. நீங்களும் வெள்ளிக்கிழமை வந்துருங்க.

வள்ளி சித்தி: அவர் வருவார். மைக் கொடுத்துறாதீங்க.

பெரியப்பா திருச்சி: மோட்டார் ரூம் சுவத்துல ஐயா பேரு போட்டுறலாம்.

பாண்டி: போடுங்க. கூடவே எங்க சின்னையா பேரும் போடுங்க. பட்டா ரெண்டு பேர் பேர்லயும் இருந்துச்சு. காம்பவுண்டு கட்டுனப்ப கல்வெட்டுல ஒரு பேருதான் வந்துச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த ரோட்டுல நடக்கல. சுத்திக்கிட்டுதான் கடைத்தெருவுக்குப் போவாரு.

செல்வி: பாண்டி, குழுவுல வேண்டாம்டா

சரோஜா அத்தை: [குரல் செய்தி 0:48]

குமார் அத்தான்: அம்மா சொல்றாங்க: சின்னையாவும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டாரு, அன்னைக்கு வீட்டுல பாயசம் வச்சது நான்தான், எனக்கு ஞாபகம் இருக்கு.

பெரியப்பா திருச்சி: அது கொத்தனார் விட்டது. நான் சொல்லித்தான் கொடுத்தேன்.

பாண்டி: சரி

மாலை 4:15

அகிலா: சித்தப்பா மாமா, ஒண்ணு கேக்கணும். பாப்பா இப்ப அஞ்சாவது முடிக்கிறா. ஆறாவதுக்கு இங்கயே சேர்த்தா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமாவா?

வாத்தியார் சித்தப்பா: அம்மா, ஆறாம் வகுப்புதான் கதவு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இரண்டுக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். எட்டாவதில் கொண்டுவந்து சேர்த்தால் இதெல்லாம் நழுவிப் போகும். ஆனால் பணத்துக்காக மட்டும் சேர்க்காதே. நேரில் போய் வகுப்பைப் பார். நோட்டுகளை வாங்கிப் பார். டீச்சரிடம் பேசு. பிடித்தால் சேர்.

அகிலா: காலைச் சாப்பாடு உண்டா மாமா? நான் ஏழு மணிக்கே களையெடுக்கப் போயிருவேன்.

செல்வி: அஞ்சாவது வரைக்கும்தான் காலையில உண்டு. ஆறாவதுலேருந்து மத்தியானம் மட்டும். எம் மவனுக்குக் காலையில பொங்கல் கெடைக்குது, மவ கட்டிக்கிட்டுப் போறா. உன் பாப்பாவை என் வீட்டுக்கு அனுப்பு. ரெண்டு இட்லி சேர்த்து ஊத்துறேன்.

அகிலா: ஃபீஸ் பாக்கி இருக்கு அண்ணி. கட்டாம டி.சி. தரமாட்டேன்னு அந்த ஸ்கூல்ல சொல்றாங்க.

வாத்தியார் சித்தப்பா: டி.சி. வரவில்லை என்பதற்காக எட்டாவது வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாவது பிரிவு. தலைமையாசிரியருக்கும் தெரியும். பாக்கியைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பாண்டி: யாரைக் கேட்டு இதெல்லாம் பேசிக்கிட்டிருக்க

அகிலா: தண்ணி வந்தா சேர்க்கலாம்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க

குமார் அத்தான்: மாட்டிக்கிட்டான்

பாண்டி: தண்ணி வரட்டும். அப்புறம் பார்ப்போம்.

செல்வி: பார்ப்போம்னு சொல்லாத தம்பி. மார்ச்சுலயே சேர்க்கை ஆரம்பிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை சீர் முடிஞ்சதும் மேசை போட்டு உக்காருவாங்க. உன் பாப்பா சேர்ந்தா பின்னாடியே ரெண்டு வீடு வரும், எனக்குத் தெரியும். சீர் தூக்கிட்டுப் போற நம்ம வீட்டுலேருந்து ஒரு பேருகூட ஆறாவது ரிஜிஸ்டர்ல இல்லன்னா எனக்கு அந்த வாசல்ல நிக்கவே மனசு வராது.

பாண்டி: வெள்ளிக்கிழமை வர்றேன் அக்கா. சேர்க்கிறேன்னு சொல்லல. வர்றேன்.

அகிலா: நானும் வர்றேன். ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துட்டு.

வள்ளி சித்தி: வெள்ளிக்கிழமையா? அன்னைக்குத்தானே உத்திரத்துக்குக் காப்புக் கட்டுறாங்க?

மீனா சென்னை: அய்யய்யோ

செல்வி: காப்புக் கட்டு சாயங்காலம் சித்தி. சீர் காலையில. ஆனா மேளக்காரங்களைக் கோயிலுக்குக் காலையிலேருந்தே பேசிட்டாங்களாம். அதான் பிரச்சினை.

பெரியப்பா திருச்சி: மேளம் இல்லாம சீரா?

வள்ளி சித்தி: கீரமங்கலத்துல கேளுங்க. நம்ம மூத்தவ சடங்குக்கு வந்தாங்களே.

சரோஜா அத்தை: அவங்க வேண்டாம். சாப்பாடு சரியில்லைன்னு சொன்னவங்க

பெரியப்பா திருச்சி: நான் வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு வந்துருவேன். கல்வெட்டு விஷயம் நேர்ல பேசிக்கலாம். ஸ்டாண்டுக்கு யாராச்சும் வண்டி கொண்டு வாங்க.

பாண்டி: எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க பெரியப்பா. நான் வர்றேன்.

வாத்தியார் சித்தப்பா: தீர்மான வாசகம் தயார். மூன்று பக்கம். அனுப்பட்டுமா?

செல்வி: ஒரு பக்கமா அனுப்புங்க சித்தப்பா. பாண்டி, நாளைக்கே மோட்டார் விலை கேட்டுப் போடு. மேளத்துக்கு யார் பேசுறது? அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.